பண்டில் நம்பர்

வெள்ளிக்கிழமை பதினொண்ணே காலுக்கு
எங்கணக்குப் பூட்டிக்கிச்சுங்க.
பத்தொம்பது வருசத்துக் கணக்கு.

வேலம்பாளையத்துல பிசிறு வெட்டற செட் நம்முளுது.
பதினாலு பொம்பளைங்க, மூணு டேபிள்,
மேல ஆறு டியூப்லைட்டு.
எந்தப் பனியன் வந்தாலும்
கழுத்து, தோள், கை, அடிமடிப்புன்னு
கண்ணு தானாப் போகும்.
ஓட்டை இருந்தா ஒரு சிவப்பு அம்பு ஒட்டுவோம்.
அவ்வளவுதான் எங்க படிப்பு.

'ஏனுங், காசு இருக்குது, எடுக்க முடியலீங்களே?'
கவுண்டர்த் தம்பி ஸ்கிரீனைப் பாத்துச் சொன்னாரு:
'ஹோல்டு போட்டிருக்குங்க.'
'ஆருங்க போட்டது?'
'மேல இருந்து.'
மேல பாத்தேன்.
ஒரு ஃபேன் ஓடிட்டிருந்துச்சு.

வேஸ்ட் துணி மூட்டை வாங்குனவன் எவனோ
ஸ்கேன் பண்ணி அறுநூத்தி நாப்பது போட்டானாம்.
எந்த ஊர்லயோ எவரையோ ஏமாத்துன காசாம்.
'அந்த அறுநூத்தி நாப்பதை வெச்சுக்குங்க,
மிச்சத்தை உடுங்க.'
'அது எங்க கையில இல்லீங்க.'
'ஆரு கையிலீங்க?'
'மெயில் போட்டிருக்கம்.'
'ஆருக்கு?'
அவரு ஸ்டேப்ளரைத் தேட ஆரம்பிச்சுட்டாரு.

போன் பண்ணுனா,
தமிழுக்கு மூணை அழுத்தச் சொன்னாங்க.
அழுத்துனேன். வீணை வாசிச்சாங்க.
'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்'னு
ஒரு பொண்ணு பன்னெண்டு தடவை சொல்லுச்சு.
பாவம், அதுக்கு ஓவர்டைம் உண்டான்னு
ரோசனை வந்துச்சு எனக்கு.

கணக்குத் தொறக்கறப்ப இருந்த மேனேஜர்
ஒண்ணும் தங்கமான மனுசன் இல்லீங்க.
தையல் மெஷின் லோனுக்கு
எட்டு நடை நடக்க உட்டவரு.
ஆனா திட்டறதுக்கு ஒரு மூஞ்சி இருந்துச்சு.

எங்க சோலியில பண்டிலுக்கொரு சீட்டு.
கட்டிங் ஆரு, ஓவர்லாக் ஆரு, பேட்லாக் ஆரு,
எல்லாம் நம்பர்ல இருக்கும்.
கழுத்துப்பட்டி கோணிப் போச்சுன்னா
ராத்திரி பத்து மணிக்கும்
'பதினேழாம் நம்பரு, வாடா இங்க'ம்பாங்க.
வந்து நிப்பான், தலையைச் சொறிஞ்சுட்டு.
பிரிச்சுத் தெச்சுக் குடுத்துட்டுத்தான் போவான்.
இங்க இந்த முடிச்சைப் போட்டது ஆருன்னா
சிஸ்டம்ங்கறாங்க.
சிஸ்டத்துக்கு என்ன நம்பருங்க?

சனிக்கிழமை பொழுதோட
சம்பளம் போட்டாகோணும்.
தங்காயாளுக்கு மளிகைக் கடன்,
மினதி ஒடிசாவுக்குப் பணம் அனுப்போணும்.
விசயத்தைச் சொன்னேன்.
ஆரும் ஒண்ணும் சொல்லலை.
கத்திரிச் சத்தம் மட்டும்
கொஞ்சம் எச்சாக் கேட்டுச்சு.

ஒரே போன்.
வாரவட்டி நாச்சிமுத்து
முப்பத்தி நாலாயிரத்தைக்
கேரிபேக்ல கொண்டாந்து டேபிள்ல வெச்சாரு.
ஆதார் கேக்கலை, ஓ.டி.பி கேக்கலை.
வட்டி நெஞ்சை அடைக்குது.
ஆனா அவரு ஊடு எங்கிருக்குதுன்னு எனக்குத் தெரியும்.

அன்னிக்கு ராத்திரி போன் மினுக்குச்சு.
எஸ்.எம்.எஸ் கட்டணம்
பதினேழு ரூபா எழுவது காசு
எங்கணக்குல புடிச்சாச்சாம்.
எனக்குத் தொறக்காத கணக்கு
அதுக்கு மட்டும் தொறந்து மூடிக்கிச்சு.
அதைச் சொன்னதும் எஸ்.எம்.எஸ்தான்.

திங்கக்கிழமை மறுக்காப் போனேன்.
டோக்கன் நாப்பத்தி மூணு.
பாஸ்புக் மெஷின் மேல 'பழுது'ன்னு ஒரு பேப்பர்,
அந்தப் பேப்பரே பழுத்துப் போயிக் கெடந்துச்சு.
உக்காந்த எடத்துல பையைத் துழாவுனா
ஸ்டிக்கர் ரோல் தட்டுப்பட்டுச்சு.
கண்ணு தானாப் போச்சுங்க:
கண்ணாடி, கவுண்டர், காலி நாற்காலி,
'வாடிக்கையாளரே எங்கள் முதலாளி'ங்கற பலகை.
எந்திரிச்சுப் போயி
'முதலாளி'க்கு நேராக் கீழ
ஒரு அம்பு ஒட்டுனேன்.
செக்யூரிட்டி அண்ணன் பாத்தாரு.
பாத்துட்டுப் பேப்பரைத் திருப்பிக்கிட்டாரு.

செட்டுல ஆயிரத்தி எரநூறு பீஸ் காத்திருந்துச்சு.
வந்துட்டேன்.

ஹோல்டு இன்னும் எடுக்கலை.
அம்பும் இன்னும் எடுக்கலையாம்,
நேத்து டீக்கடையில
செக்யூரிட்டி அண்ணன் சொன்னாரு.